மோராவின் பாதங்கள்

பொகோட்டாவில் ஞாயிறு நண்பகல். கார்களுக்கு மூடிய சாலை முழுக்கச் சைக்கிள்கள். மலைக்குளிருக்குக் கம்பளிச் சட்டையைக் கழுத்துவரை இழுத்துவிட்டிருக்கிறேன். சைக்கிளில் கட்டிய கயிற்றோடு என் நாய் மோரா ஓடி வருகிறாள். ஓரத்தில் ஆரஞ்சு பிழியும் பெண் கை நீட்டி மறிக்கிறாள். "அண்ணே, நாய் நொண்டுது பாருங்க." "சும்மா நடிப்பு, அக்கா. சரியான சோம்பேறி." "உங்களுக்கு ஷூ இருக்கு. ரோட்டுல கைய வச்சுப் பாருங்க." "இந்தக் குளிர்லயா?" "வைங்க, சொல்றேன்." வைக்கிறேன். மூன்று எண்ணுவதற்குள், உச்சி வெயிலில் காய்ந்த தார் உள்ளங்கையைச் சுடுகிறது. மோராவின் பாதத்தைத் திருப்பிப் பார்க்கிறேன். தோல் உரிந்து சிவந்திருக்கிறது. அவள் பின்தங்கியபோதெல்லாம் கயிற்றை வெடுக்கென்று இழுத்திருக்கிறேன். அந்தப் பெண் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி வைக்கிறாள். உருட்டிக்கொண்டு போக எண்ணிச் சைக்கிளின் கைப்பிடியைத் தொடுகிறேன். பாதத்தை நக்குவதை விட்டுவிட்டு மோரா எழுகிறாள். வாலை ஆட்டியபடி, ஓடத் தயாராக நிற்கிறாள்.