அக்கரை ஊர்ப் பையன்

“டெரிலை எறிய விட்டீங்கன்னா முதல் ஆட்டத்தோட மூட்டை கட்டிக்கிட்டு வந்துடலாம்,” என்றான் லாயிட்.

டெரில் அவனுடைய சொந்த மகன். எதிர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தான்.

பாரில் இருந்த இருபது பேரும் டெரிலைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் நேராக அங்கே வந்திருந்தோம். எங்கள் ஊர் பேஸ்பால் அணி இருபது வருஷத்துக்கு அப்புறம் மினசோட்டா மாநிலப் போட்டிக்குப் போகிறது. போகிற அணி, அக்கம்பக்கத்தில் தோற்றுப்போன ஊர்களிலிருந்து பந்து எறிகிறவர்கள் மூன்று பேரைக் கேட்டுச் சேர்த்துக்கொள்ளலாம். இங்கே அது வழக்கம்.

ஆறு வருஷமாக ஊருக்கே ஒரே கனவு. ஏரிக்கு அக்கரை ஊரின் ட்ரெவர் எங்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு எறிய வேண்டும். அவன் கையிலிருந்து பந்து கிளம்புவதே தெரியாது. மட்டைக்காரன் திரும்பிப் பார்த்தால் பந்து பின்னால் இருப்பவன் கையுறைக்குள் இருக்கும். எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தியைக் கட்டிவைத்தாவது இழுத்துவிடலாமா என்றுகூடப் பேசியிருக்கிறோம். எனக்கும் அந்த ஆசை உண்டு. இல்லை என்று சொன்னால் பொய்.

இப்போது அக்கரை ஊர் தோற்றுவிட்டது. கேட்டால் வருவான்.

“ட்ரெவரைக் கூப்பிடுவோம்,” என்றான் மேனேஜர் ரோமன். “ஆனா முதல் ஆட்டம் டெரிலுக்கு. பதினெட்டு வருஷமா நமக்காக எறிஞ்சிருக்கான்.”

“பதினெட்டு வருஷம் கோயில் மணி அடிச்சான்னு ஒருத்தனைப் போப்பாண்டவர் ஆக்கிடுவியா?” என்றான் லாயிட்.

யாரோ சிரித்துவிட்டு, உடனே பீர் கிளாசுக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டான்.

“அப்பா, போதும்,” என்றான் டெரில்.

“என்ன போதும்? மூணு பேரு எடுக்கலாமில்ல, மூணு பேரையும் எடுங்க. ட்ரெவர் முதல்ல எறியட்டும். இவன் பெஞ்சுல உக்காந்து சூரியகாந்தி விதை கொறிக்கட்டும். அதுக்குத்தான் லாயக்கு.”

டெரில் எழுந்து வெளியே போனான். கதவு அறைந்துகொண்டது.

கடைசியில் லாயிட் சொன்னதுதான் நடந்தது. ட்ரெவர் என்ற பேரைக் கேட்டபிறகு யாருக்கு மனசு அடங்கும்?

எனக்கு மட்டும் ஆச்சரியமே இல்லை. லாயிட்டை எனக்குத் தெரியும்.

எண்பத்தேழாம் வருஷம் அவன்தான் மேனேஜர். கோடை முழுக்க எறிந்து அணியை மாநிலப் போட்டி வரைக்கும் கொண்டுபோனவன் நான். வலது தோளில் ஒரு குத்தல் இருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை, என் மனைவியிடம்கூட. லாயிட் இதே பாரில், இத்தனை பேர் நடுவில், என்னைக் காட்டி, “நார்பை நம்பிப் போனா நம்ம மானம் போயிடும்,” என்றான். அக்கரை ஊரிலிருந்து ஒருத்தனைக் கொண்டுவந்தான். நான் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகு அவனோடு நான் பேச்சு வைத்துக்கொண்டதில்லை. அவன் மனைவியின் அடக்கத்துக்குக்கூடக் கோயில் வாசல்வரைதான் போனேன்.

பாரில் அந்தப் பேச்சு நடந்த மறுநாள் காலை, நான் வேலை பார்க்கும் தீவனக் கடைக்கு லாயிட் வந்தான். மாட்டு உப்பு கேட்டான். மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு அவன் வண்டிக்கு நடந்தேன். வாய் சும்மா இருக்கவில்லை.

“பெத்த பிள்ளையையே விட்டுவைக்கலையே. இப்ப திருப்தியா?”

“நேத்து சாப்பிடக்கூட வரல. போன் பண்ணா எடுக்கல,” என்றான்.

“பின்ன, வந்து முத்தம் குடுப்பானா?”

லாயிட் வண்டியின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“நேத்துப் பூசையில அவனைப் பாத்தியா?”

“உன் குடும்பம் உக்காந்திருக்கற பக்கம் நான் திரும்பறதில்ல.”

“இடது கையால சிலுவை போட்டுக்கிட்டான். வலது கையாலதான் போடணும்னு அவங்கம்மா விரலைப் புடிச்சுப் பழக்கின பிள்ளை. வலது கை நெத்தி வரைக்கும் ஏறல, நார்ப்.”

நான் அப்படியே நின்றேன். மூட்டை தோளிலேயே இருந்தது.

“அதை அங்கேயே சொல்லித் தொலைச்சிருக்கலாமே.”

“வலிக்குதாடான்னா இல்லைம்பான். இல்லைன்னு காட்டறதுக்காகவே ரெண்டு மடங்கு வேகமா எறிவான். அறுபது கறவை மாடு வெச்சிருக்கான். தோள் போச்சுன்னா அத்தனையும் வித்துட்டு நிக்கணும். உன்னால முடியலைன்னு சொன்னா கேக்கற பிள்ளையில்ல அவன். நீ லாயக்கில்லைன்னு நாலு பேர் முன்னாடி சொன்னாத்தான் ரோஷம் வந்து எட்டிப் போவான்.”

“ஆயுசுக்கும் உன்னை மன்னிக்க மாட்டான்.”

“வேணாம். கோவிச்சுக்கட்டும். அதனால தோள் போயிடாது.”

வண்டியில் ஏறி உட்கார்ந்தான். நான் இன்னும் மூட்டையை இறக்கவில்லை என்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தான்.

“ஐம்பது பவுண்டு. இந்த வயசுலயும் வலது தோள்லதான் தூக்கறே,” என்றான்.

“அதுக்கென்ன இப்போ?”

“ஒண்ணுமில்ல. எண்பத்தேழு ஆகஸ்ட் பூரா நீயும் இடது கையாலதான் சிலுவை போட்டுக்கிட்டிருந்தே.”