கோயிலுக்கு விட்ட மரம்

மதலேனாள் மரமேறும் மெஷினைத் தென்னையோடு சேர்த்துப் பூட்டினாள். பெல்ட்டை இடுப்பில் கட்டி, கொக்கியை இரண்டு முறை இழுத்துப் பார்த்துக்கொண்டாள்.

நாளைக்குக் குருத்து ஞாயிறு. பவனியில் எல்லோரும் கையில் பிடிக்கிற குருத்தோலை சாயங்காலத்துக்குள் கோயிலுக்குப் போய்ச் சேர வேண்டும்.

கிணத்துக்கடவு பக்கம் எந்தத் தோப்புக்காரரும் குருத்தில் கை வைக்க விடமாட்டார். குருத்தை வெட்டினால் மரம் நோகும். கோபாலசாமி மட்டும், அவருடைய அப்பா காலத்திலிருந்து, இந்த ஒரு மரத்தை மாதா கோயிலுக்கென்று விட்டுவைத்திருக்கிறார். அவர் கும்பிடுவது முருகனை. கேட்டால், எல்லாம் சாமிதானே என்பார்.

வருடா வருடம் இதில் ஏறியவர் மதலேனாளின் புருஷன் இன்னாசி. போன வருடம் இதே சனிக்கிழமை இதிலிருந்துதான் விழுந்து இறந்தார்.

விழுந்தாரா, குதித்தாரா என்று ஊர் இரண்டாகப் பேசியது. அதற்கு முன் நாலு மாதமாக அவர் சரியாகத் தூங்கவில்லை, யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. குதித்தவனுக்குக் கல்லறைத் தோட்டத்தில் ஓரமாகத்தான் இடம் என்று சிலர் சட்டம் பேசினார்கள். சட்டம் பேச மட்டும் ஊரில் ஆளுக்குப் பஞ்சமே இல்லை.

கோபாலசாமி தான் மோட்டார் ரூமில் இருந்ததாகவும், எதையும் பார்க்கவில்லை என்றும் சொல்லிவிட்டார். மதலேனாள்தான் பங்குச்சாமியாரிடம் போய் நின்றாள்.

"என் கண்ணால பாத்தனுங்க சாமி. கால் வழுக்கிடுச்சுங்க."

அவள் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் வீட்டில் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

இன்னாசிக்கு நடுவிலேயே இடம் கிடைத்தது. பாட்டுப் பூசையும் கிடைத்தது. அன்றிலிருந்து அவள் பூசையில் நாக்கில் வைக்கிற நற்கருணை அப்பத்தை வாங்குவதில்லை. பொய் சொன்ன நாக்கை எப்படி நீட்டுவது?

பூசையில் எல்லோரும் எழுந்து வரிசையில் போகும்போது அவள் மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே இருப்பாள். பாவம், முட்டிவலி என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள். முட்டிவலிக்காரி ஆறு நாள் மரமேறும் பயிற்சிக்குப் போய் வந்தபோதுதான் குழம்பிப்போனார்கள்.

அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். அவர் நிஜமாகவே வழுக்கி விழுந்திருந்தால், அவள் சொன்னது பாதிப் பொய். இல்லையென்றால் முழுப் பொய்.

மேலே ஏதாவது இருக்கும் என்று அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. முறிந்த மட்டையோ, வேறு ஏதோ. ஒரு வருடமாகக் கோபாலசாமி இந்த மரத்தில் யாரையும் ஏற விடவில்லை. காய் தானாக விழுந்தால் பொறுக்கிக்கொண்டார். அவள் கேட்டபோதும் மூன்றாவது முறைதான் தலையாட்டினார்.

அவள் ஏறினாள். ஒரு மிதிக்கு ஒரு அருள்நிறை மரியே. ஐம்பத்து மூன்றாவது மிதியில் ஜெபமாலை முடிந்தது, மரம் முடியவில்லை. மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

மரத்தில் ஆள் இருக்கும்போது அடியில் நிற்கக் கூடாது, காய் மண்டையைப் பிளந்துவிடும் என்று வேலைக்காரர்களைத் திட்டுகிறவர் கோபாலசாமி. இன்று அவரே நேர் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மேலே முறிந்த மட்டை எதுவும் இல்லை.

ஒரு மட்டையின் அடியில் இன்னாசியின் உத்தரியம் கட்டியிருந்தது. கயிற்றில் கோத்த இரண்டு சின்னத் துணித்துண்டுகள், வெயிலிலும் மழையிலும் வெளுத்துப்போயிருந்தன.

குளிக்கும்போதுகூட அவர் கழுத்திலிருந்து அதைக் கழற்றியதில்லை. அதைப் போட்டுக்கொண்டு சாகிறவரை மாதா நரகத்துக்கு விடமாட்டாள் என்று நம்பியவர். அப்படி நம்பியதால்தான் கழற்றியிருக்கிறார். மாதாவை ஏமாற்றக் கூடாது என்று நினைத்திருப்பார். காற்றில் பறந்துவிடாமல் இரண்டு முடிச்சும் போட்டிருந்தார்.

மதலேனாளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. இரண்டு முடிச்சு போடுகிற நேரத்தில் ஒரு தடவை என்னை நினைத்திருக்கக் கூடாதா?

பிறகு மரத்தில் நெற்றியை வைத்து அழுதாள். வெகுநேரம் அழுதாள். அழுது ஓய்ந்து பார்த்தபோது கை பெல்ட்டின் கொக்கியில் இருந்தது. அது எப்போது அங்கே போனதென்று அவளுக்குத் தெரியவில்லை.

இத்தனை நாளும் அவள் மன்றாடியது வழுக்கி விழுந்த ஒருவருக்காக. அந்த மனிதருக்கு அவ்வளவு மன்றாட்டு தேவையே இல்லை. இதோ, இங்கே நின்று முடிச்சு போட்ட இந்த மனிதருக்குத்தான் தேவை. இவருக்காக ஒரு வருடமாக யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தானும் போய்விட்டால் இனிமேலும் சொல்ல ஆள் இல்லை.

கொக்கியிலிருந்து கையை எடுத்தாள். மாதாவே, இந்த ஆளைப் பார்த்துக்கொள் என்றாள். அதற்குமேல் ஜெபம் வரவில்லை. வந்தவரைக்கும் போதும் என்றிருந்தது.

முடிச்சுகளை அவிழ்த்து, உத்தரியத்தைத் தன் கழுத்தில் போட்டு ரவிக்கைக்குள் தள்ளிக்கொண்டாள். குருத்தை வெட்டி, நசுங்காமல் கயிற்றில் கட்டி இறக்கினாள். இருநூறு பேருக்காவது தேறும்.

அவள் இறங்கி வரும்வரை கோபாலசாமி அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. முகமெல்லாம் வியர்த்திருந்தது.

"மேல ஒண்ணுமில்லீங்க. வழுக்கித்தான் உழுந்திருக்கறாருங்க" என்றாள் மதலேனாள்.

கோபாலசாமி குனிந்து குருத்தின் கட்டை அவிழ்த்தார்.

"அன்னைக்கு நான் மோட்டார் ரூம்ல இல்ல அம்மணி. இங்கதான் நின்னு பாத்துட்டிருந்தேன்" என்றார். "அதனாலதான் இன்னைக்கு நகரவே இல்ல."