ஆமை வேகம்

சீசன் தொடங்கும் முன் நியூசிலாந்தின் இன்வர்கார்கில் ரக்பி கிளப்பில் எல்லாருக்கும் கண் சோதனை நடந்தது. அட்டையில் சிதறிக் கிடக்கும் எண்களைக் கடகடவென்று வாசிக்க வேண்டும். ஆட்டத்தில் தலையில் அடிபட்டால் மறுபடி வாசிக்கச் சொல்வார்கள். முன்னைவிட அதிக நேரம் எடுத்தால் வெளியே உட்கார வேண்டியதுதான்.

"இன்னிக்கு ஆமை மாதிரி படி, மச்சான்," என்று முன்வரிசை வீரன் செமிசியின் காதில் கிசுகிசுத்தான் கேப்டன் க்ரெய்க். "அப்புறம் எவன் மண்டையில இடிச்சாலும் வித்தியாசம் தெரியாது. நீ இல்லன்னா முன்வரிசையில தள்ளுறதுக்கு யாரு இருக்கா?"

செமிசி இழுத்து இழுத்துப் படித்தான்.

டாக்டர் ஹெலன் ஸ்டாப்வாட்சைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார்.

"இவ்வளவு நேரமா? உனக்கு ஏற்கெனவே தலையில அடிபட்டிருக்கணும். சரியாகுற வரைக்கும் ஆடக் கூடாது."

க்ரெய்க் பதறிப்போனான். "ஐயோ டாக்டர், அவன் நடிச்சான்! நான்தான் மெதுவா படிக்கச் சொன்னேன்."

"கெட்டிக்காரங்கதான் ரெண்டு பேரும். சரி செமிசி, இப்ப நிஜமா படி."

செமிசி மூச்சை இழுத்துவிட்டு வாசித்தான். கழுத்து நரம்பு புடைத்தது. விரலை வைத்துப் பிடித்தும் வரிகள் நழுவின. முடித்ததும் ஹெலன் ஸ்டாப்வாட்சைத் திருப்பிக் காட்டினார். கிட்டத்தட்ட அதே நேரம்.

க்ரெய்க் அவன் விலாவில் இடித்தான். "போதும்டா நடிச்சது! அதான் எல்லாத்தையும் சொல்லிட்டேனே, ஒழுங்கா படிடா."

செமிசி அட்டையையே வெறித்துக்கொண்டிருந்தான்.

"ஒழுங்காத்தான்டா படிச்சேன்."