வீங்காத தோல்

கடலின் மேல் உலங்குவானூர்தி சுற்றிச் சுற்றி இரைகிறது. பருத்தித்துறை மருத்துவமனையின் சாளரத்தோரம், இளவெயில் விழும் இடத்தில், இரண்டு வயதுக் குழந்தையின் மெலிந்த முன்கையை மருத்துவர் பத்மாசினி ஏந்தி நிற்கிறார். சயரோகச் சோதனைக்கு ஊசியேற்றிய இடத்தில் வரைந்த மைவட்டத்தைத் திருநீறு மூடியிருக்கிறது. தாய் தவமலரின் முகம் மலர்கிறது. "பாருங்கோ டொக்டர், வீங்கேல்லை! வீங்கக்கூடாதெண்டு சந்நிதி முருகனுக்குப் பாற்செம்பு நேந்தனான்." "ஐயோ, பிறந்த உடனை சயரோகத் தடுப்பூசி போட்ட குழந்தைக்கு இது கொஞ்சமெண்டாலும் வீங்கவேணும் பிள்ளை. நோயைத் தடுக்கிற உயிரணுவுக்கு மேலிலை கை மாதிரி ஒண்டு இருக்கு. அந்தக் கை கிருமியின்ரை வடிவுக்குப் பொருந்திப் பிடிச்சால்தான் அணு விழிக்கும், தோல் தடிக்கும். கை சரியாய் அமையாட்டில், அந்த உயிரணு தான் வளருற நெஞ்சுச் சுரப்பிக்குள்ளையே அழிஞ்சுபோம்." "அப்ப, பிள்ளைக்கு ஓயாமல் காய்ச்சல் வாறது உதாலையே?" பத்மாசினி நீற்றைத் துடைத்து, விரல்நுனியால் வட்டத்தினுள் தடவுகிறார். தோல் வழுவழுப்பாகவே இருக்கிறது. கண்களை மூடி மீண்டும் தடவுகிறார். குழந்தை கூச்சத்தில் நெளிந்து சிரிக்கிறது. வானூர்தியின் இரைச்சலில் சாளரக் கண்ணாடி அதிர்கிறது. தவமலர் கைகளைக் கூப்புகிறாள். "முருகா, நான் கேட்டதைத் தராதை. வீங்க வை, என்ரை அப்பனே, வீங்க வை."