நாற்பத்தெட்டுப் படி

“கழிப்பறை மாடியிலதான் சார் இருக்கு. நாற்பத்தெட்டுப் படி! ஏறி முடிக்கிறதுக்குள்ள எனக்கு ஒரு வயசு கூடிடுது. கீழே ஒண்ணு கட்டிக்கிறேனே?” பெரியவர் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார்.

“பாரம்பரியக் கட்டடம் ஐயா. ஆணிகூட அடிக்கக் கூடாது,” என்றார் பார்வையிட வந்த அதிகாரி.

“எந்தப் பாவி அப்படி அறிவிக்கச் சொன்னான்? அவன் கால் விளங்குமா?” என்று மனைவி வெடித்தாள்.

அதிகாரி கோப்பைப் புரட்டிப் பழைய மனுவைப் படித்தார். “‘அம்மாவால் படியேற முடியவில்லை என்று என் தம்பி கீழே கழிப்பறை கட்டப் பார்க்கிறான். வீட்டின் அழகு கெட்டுவிடும். பாரம்பரியக் கட்டடமாக அறிவித்து உடனே தடுக்கவும்.’ கையெழுத்து உங்களோடதுதானே ஐயா?”

பெரியவர் மனைவியின் தோளை இன்னும் இறுகப் பிடித்தார்.

“மூணு வருஷம் அத்தையை இந்தத் தோள்லதானே ஏத்தினேன்?” என்ற மனைவி, தோளை மெல்ல விலக்கிக்கொண்டாள்.