முதுகுக் கிழிசல்

நூற்றெழுபத்தைந்து ரூபாய், எனக்கு இன்னும் வரவேண்டிய பிற்பகல் அரைநாள் நடவுக் கூலி.

“நீ மத்தியானமே கரையேறிட்டியே காத்தாயி,” என்றார் வயல்காரர் ரத்தினசபாபதி.

நடவு நாளன்று வரப்பில் உட்கார்ந்து ஓர் ஓவியர் வரைந்த எங்கள் நடவுப் படம் அவர் வீட்டுக் கூடத்தில் தொங்கியது. ஒருநாளும் வாசற்படி தாண்டாத நான் உள்ளே போய் அதன்முன் நின்றேன். சேற்றுநீரில் மஞ்சள் வெளிச்சம் வழிந்துகொண்டிருந்தது.

“பனை நெழலு கெழக்க வாய்க்கா வரைக்கும் கெடக்குதுங்க, இது சாயங்காலம். கடைசியில குனிஞ்சிருக்கிற நீலச்சட்டை நாந்தான்.”

“அவரு மனசுல தோணுனதப் போட்டிருப்பாரு.”

“இந்தக் கிழிசலுமா ஐயா தோணும்?”

அதே நீலச்சட்டையோடு அவருக்கு முதுகைக் காட்டி நின்றேன். கிழிசலில் தெரியும் என் தோலைத் தூரிகையின் ஒரே தொடுகையில் ஓவியர் வைத்திருந்தார். ரத்தினசபாபதி கண்ணாடி மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். கூலியை முழுசாகக் கொடுத்தார். பிறகு, படத்தைக் கழற்றச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார்.