சுண்ணாம்புப் பந்து

மாலை வெயில் விடுதிச் சுவரைத் தாண்டி மைதானத்தில் சாய்ந்து கிடக்கிறது. கோடு போடும் சுண்ணாம்புத் தூளில் புரட்டியெடுத்த பந்தை, விடுதிப் பெண்கள் ஒருத்திக்கொருத்தி தட்டிவிடுகிறார்கள். பந்து பட்ட காலெல்லாம் வெள்ளை. பிளாஸ்டிக் பை மாட்டியிருந்த கால்கள் மட்டும், பையைக் கழற்றியதும், சுத்தமாக இருக்கின்றன. "முதல்ல யார் கால்ல ஒட்டுச்சு?" என்கிறாள் கோச் அக்கா. ஒருத்திக்கும் தெரியவில்லை. "உடலுறவுல பரவுற நோயும் இப்படித்தான்டி. ஆளப் பாத்துச் சொல்ல முடியாது. உறை போட்டா பாதுகாப்பு, டெஸ்ட் எடுத்தாதான் தெரியும்." சிரிப்பு அடங்கி, எல்லாக் கண்களும் கொடிக்கயிற்றில் தனியாக ஆடும் ஏழாம் எண் சட்டைக்குப் போகின்றன. அதைப் போட்டு ஆடியவளை, ரத்தப் பரிசோதனையில் நோய் இருப்பதாக முடிவு வந்த அன்றே, பெட்டியும் கையுமாக வெளியே அனுப்பியவர் விடுதிக் காப்பாளர்.

அவரே இப்போது செருப்பைத் தேய்த்துக்கொண்டு மைதானத்துக்குள் வருகிறார். "என்ன கருமம் இது? கண்டதையும் சொல்லிக் குடுத்து புள்ளைங்களக் கெடுக்கவா வந்தீங்க?" பந்தைப் பிடுங்கி வயிற்றோடு இடுக்கிக்கொள்கிறார். கோச் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இதைச் சொல்லிக்கொடுத்தால்தான் இந்த மனுஷனுக்குக் கூசுகிறது. ஒரு பெண்ணை நடுத்தெருவில் விடக் கூசவில்லை. அக்கா வாயைத் திறப்பதற்குள், வவ்வால் என்று பேரெடுத்த கோல்கீப்பர் முன்னால் வந்து நிற்கிறாள். அவருடைய நீலச் சட்டையில் அப்பியிருக்கும் வெள்ளையையே பார்க்கிறாள்.

"சார், உங்களுக்கும் ஒட்டிக்கிச்சு. பெட்டியக் கட்டிடலாமா?"